லாகர் டப்பாவுக்குள் லாகர் இருக்கிறதா?

ஆஸ்திரேலியாவில் வீட்டு பீர் தயாரிப்புக் கடைகளில் 'லாகர்' என்று எழுதிய 1.7 கிலோ தகர டப்பாக்கள் வரிசையாக அடுக்கியிருக்கும். அதனுடன் ஒரு கிலோ சர்க்கரை, வாளியை 23 லிட்டர் வரை நிரப்பத் தண்ணீர், பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் ஒளிந்திருக்கும் சிறிய ஈஸ்ட் பொட்டலம். இவ்வளவு இருந்தால் சில வாரங்களில் லாகர் தயார் என்று குறிப்புத்தாள் சொல்லும். பீர் தயாராகத்தான் செய்கிறது. ஆனால் அதில் வாழைப்பழ வாடை இருக்கும், வாயில் தண்ணீர்போல ஓடும், குடித்து முடித்ததும் தொண்டையில் ஒரு காட்டம் நிற்கும். குடித்தவர், "டப்பா பீர் என்றால் இப்படித்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அடுத்த முறை இன்னும் விலை அதிகமான டப்பாவை வாங்குவார். அதுவும் அதே வாடையோடு வரும்.

டப்பாவின் மேல் எனக்குப் பெரிய குறை கிடையாது. அதற்குள் இருக்கும் சரக்கு பெரும்பாலும் நல்ல சரக்கு. கெட்டுப்போவது டப்பாவைத் திறந்த பிறகுதான். லாகர் என்றால் என்ன என்பதையே பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருப்பதால், திருத்த வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு எங்கோ திருத்துகிறார்கள். அதனால் முதலில் அடிப்படை, பிறகு திருத்தங்கள்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் தயாரிக்கலாம். பிரிட்டனில் இதற்கு உரிமம் தேவை என்றிருந்த விதி 1963இல் நீக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். கீழே வருவதெல்லாம் அனுமதி உள்ள ஊர்களுக்கு.

டப்பாவில் இருப்பது என்ன?

பார்லியை ஊறவைத்து முளைகட்டி, முளை எட்டிப்பார்த்ததும் சூடான காற்றில் உலர்த்தினால் மால்ட் கிடைக்கும். முளைக்கும்போது தானியத்துக்குள் என்சைம்கள் உருவாகின்றன. மால்ட்டை நொறுக்கி 65 டிகிரி செல்சியஸ் அளவுள்ள வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டால், அந்த என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிடும். வடித்தெடுக்கும் இனிப்பு நீருக்கு வோர்ட் என்று பெயர். அதில் ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்தால் கசப்பு ஏறும். பிறகு தண்ணீரை ஆவியாக்கித் தேன் பதத்துக்குச் சுண்டவைத்து அடைத்தால், அதுதான் உங்கள் கையில் இருக்கும் டப்பா.

ஆக, அரை நாள் வேலையை ஆலையிலேயே முடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது ஒரே ஒரு வேலை: நொதிப்பு. அதாவது, ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுவது.

நம் வீட்டுத் தயிரை நினைத்துப் பாருங்கள். அதே பால், அதே பாத்திரம். ஆனால் உறைமோர் எந்த வீட்டிலிருந்து வந்தது, ஊற்றும்போது பால் எவ்வளவு சூடு, அன்று வெயிலா குளிரா என்பதைப் பொறுத்துத் தயிர் கெட்டியாகவோ புளித்தோ கொழகொழத்தோ வரும். தயிர் சரியில்லை என்றால் பாட்டி பால்காரரைத் திட்டுவதற்கு முன் உறைமோரைத்தான் முகர்ந்து பார்ப்பார். டப்பா என்பது பால். ஈஸ்ட்தான் உறைமோர். அறையின் வெப்பம் மற்றதைத் தீர்மானிக்கிறது.

வீட்டுத் தயாரிப்பு என்றதும் நம்மவர்களுக்குக் கண்பார்வை போய்விடுமோ என்ற பயம் வரும். 2024இல் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது மெத்தனால். அது தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான நச்சு ஆல்கஹால். சாராயத்தில் கலக்கப்பட்டதால் வந்த கொடுமை அது. பார்லி மால்ட்டை ஈஸ்ட் நொதிக்கவைக்கும்போது ஆபத்து தரும் அளவுக்கு மெத்தனால் உண்டாவதில்லை. பீரை யாரும் காய்ச்சி வடிப்பதும் இல்லை. அப்படி வடிப்பது வேறு வேலை. ஆஸ்திரேலியாவில் அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

லாகர் என்பது நிறத்தின் பெயர் அல்ல

இந்தியக் கடைகளில் கிடைக்கும் பீரில் மிகப் பெரும்பகுதி வெளிர்மஞ்சள் லாகர்தான். அதனால் 'மஞ்சளாகவும் லேசாகவும் இருப்பது லாகர், கறுப்பாகவும் கனமாகவும் இருப்பது வேறு ஏதோ' என்ற எண்ணம் படிந்துவிட்டது. ஜெர்மனியின் டுங்கெல் பழுப்பு நிறம், ஷ்வார்ட்ஸ்பியர் கறுப்பு நிறம். இரண்டும் அசல் லாகர்கள். இங்கிலாந்தின் சில வெளிறிய பீர்கள் பொன்னிறமாக இருந்தாலும் லாகர் கிடையாது. மால்ட்டை எவ்வளவு வறுத்தார்கள் என்பதைத்தான் நிறம் சொல்லும்.

பீர் ஈஸ்ட்டில் பெரும் குடும்பங்கள் இரண்டு. ஒன்று, ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டின் நெருங்கிய உறவு. 18 முதல் 22 டிகிரி வரையிலான வெப்பத்தில் சுறுசுறுப்பாக வேலை செய்யும். இதில் வரும் பீர் ஏல். மற்றொன்று குளிரில் வேலை செய்யும் கலப்பின ஈஸ்ட். 8 முதல் 14 டிகிரியில் மெதுவாக, நிதானமாக நொதிக்கும். அதில் வருவதே லாகர்.

இந்தக் குளிர் ஈஸ்ட் வளர்ந்த இடம் ஜெர்மனியின் பவேரியா. கோடையில் காய்ச்சிய பீர் கெட்டுப்போகிறது என்பதால், ஏப்ரல் 23க்கும் செப்டம்பர் 29க்கும் இடையே யாரும் பீர் காய்ச்சக் கூடாது என்று 1553இல் அங்கே ஆணை வந்தது. குளிர்காலத்தில் மட்டும் காய்ச்சி, பனிக்கட்டி நிரப்பிய நிலவறைகளில் மாதக்கணக்கில் வைத்தபோது, குளிரைத் தாங்கும் ஈஸ்ட் மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தேறி வந்தது. அந்த ஆணையைப் போட்டவர்களுக்கு ஈஸ்ட் என்று ஒன்று இருப்பதே தெரியாது. 1842இல் ஜோசப் க்ரோல் என்ற பவேரியர், இன்றைய செக் குடியரசில் உள்ள பில்சன் நகரில், அந்த முறையை வெளிறிய மால்ட்டோடும் உள்ளூர் மென்தண்ணீரோடும் சேர்த்தார். உலகம் இன்று லாகர் என்று நினைக்கும் பொன்னிற பீர் அப்போது பிறந்ததுதான். 1883இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தின் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் லாகர் ஈஸ்ட்டைத் தனியாகப் பிரித்தெடுத்து, தூய வளர்ப்பாக ஆலைக்குக் கொடுத்தார். அதன் பெற்றோரில் ஒன்று எது என்பது நீண்ட காலம் மர்மமாகவே இருந்தது. 2011இல்தான் அர்ஜென்டினாவின் படகோனியா காட்டு மரங்களில் அந்த இனத்தைக் கண்டுபிடித்தார்கள். பல ஆண்டுகள் கழித்து அயர்லாந்திலும் அது அகப்பட்டது.

இவ்வளவு வரலாறும் ஒரு காரணத்துக்காகத்தான் சொன்னேன். லாகர் டப்பாக்கள் பலவற்றின் மூடிக்கு அடியில் இருக்கும் பொட்டலத்தில் லாகர் ஈஸ்ட் இல்லை. ஏல் ஈஸ்ட்தான் இருக்கிறது. இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். வாங்குபவரிடம் குளிர்சாதன வசதி இருக்குமா என்பது நிறுவனத்துக்குத் தெரியாது. எந்தச் சமையலறை மூலையில் வைத்தாலும் நொதிக்கும் ஈஸ்ட்டைக் கொடுப்பதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு. 21 முதல் 27 டிகிரி வரை வைக்கலாம் என்று குறிப்புத்தாள் தாராளமாகச் சொல்வதும் அதே காரணத்தால்தான்.

இதுவரை பார்த்தது: டப்பா கொடுப்பது வோர்ட். அதை லாகராக்குவது குளிர் ஈஸ்ட், தாழ்ந்த வெப்பம், பொறுமை ஆகிய மூன்றும். டப்பாவோடு வரும் முறையில் இந்த மூன்றுமே இல்லை.

வெப்பத்தைப் பிடியுங்கள்

ஒரே ஒரு திருத்தம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். காசு செலவழித்து வாங்கும் எதுவும் இதற்கு ஈடாகாது.

ஈஸ்ட் ஆல்கஹாலோடு நின்றுவிடுவதில்லை. வேலையின் ஊடே சிறு அளவில் பல மணப்பொருள்களையும் உண்டாக்குகிறது. பழ வாசனை தரும் பொருள்களுக்கு எஸ்டர் என்று பெயர். வாழைப்பழ வாடைக்குக் காரணமான ஐசோஅமைல் அசிட்டேட் அவற்றில் ஒன்று. தொண்டையைக் கரகரக்கவைக்கும் கனமான ஆல்கஹால்கள் இன்னொரு வகை. வெப்பம் ஏற ஏற ஈஸ்ட் வேகமாகப் பெருகும், இவை இரண்டும் கூடும். ஏல் வகைகள் சிலவற்றில் பழ வாசனை கொஞ்சம் இருப்பது அழகு. லாகரில் அது குறை. மால்ட்டும் ஹாப்ஸும் தவிர வேறு எதுவும் குறுக்கே வராமல் இருப்பதைத்தான் லாகரில் எதிர்பார்க்கிறோம்.

நொதிப்பே வெப்பத்தை உண்டாக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அறை 22 டிகிரி இருந்தால், இரண்டாம் நாள் நுரை பொங்கும் நேரத்தில் வாளிக்குள் 25 அல்லது அதற்கும் மேல் இருக்கும். சுவரில் மாட்டிய வெப்பமானியைப் பார்த்துவிட்டு "என் வீடு குளிர்ச்சிதான்" என்று சொல்வதில் பொருள் இல்லை. வாளியின் பக்கவாட்டில் ஒட்டும் வெப்பமானிப் பட்டை மலிவாகக் கிடைக்கும். அதில் தெரியும் எண்தான் கணக்கு.

குறைப்பதற்கு எளிய வழி, வாளியைப் பெரிய தொட்டியில் இடுப்பளவு தண்ணீரில் நிறுத்திவைப்பது. காலையும் மாலையும் உறைந்த தண்ணீர் பாட்டில் ஒன்றைத் தொட்டியில் மாற்றிப் போட்டால் நான்கைந்து டிகிரி இறக்கிவிடலாம். மேலே ஈரத் துணியைச் சுற்றினால் இன்னும் கொஞ்சம் இறங்கும். தொடர்ந்து செய்வதாக இருந்தால் பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றை வாங்கி, அதன் மின்செருகிக்கும் சுவருக்கும் நடுவில் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றைப் போடுங்கள். வைத்த டிகிரியைத் தாண்டினால் பெட்டியை இயக்கும், இறங்கினால் நிறுத்தும். அவ்வளவே அதன் வேலை. மெல்பர்னிலோ டாஸ்மேனியாவிலோ இருப்பவர்களுக்கு, அங்கே குளிர்காலமான ஜூன், ஜூலை மாதங்களில் இதுகூட வேண்டாம். கார் நிறுத்தும் கொட்டகையே பவேரிய நிலவறைபோல இருக்கும். அந்த ஊர்க்காரர்கள் லாகரைக் கோடையில் போட்டுவிட்டுக் குறைசொல்வது எனக்கு விளங்காத ஒன்று.

பொட்டலத்தில் வந்த ஏல் ஈஸ்ட்டையே பயன்படுத்தினாலும், 17 அல்லது 18 டிகிரியில் வைத்தால் பீர் கவனிக்கத்தக்க அளவுக்குச் சுத்தமாக வரும். அசல் லாகர் என்று சொல்ல முடியாது. விருந்தாளி கேட்டு வாங்கிக் குடிக்கும் பீராக இருக்கும்.

ஈஸ்ட்டை மாற்றுங்கள், கூட்டிப் போடுங்கள்

குளிரைப் பிடித்துவிட்டீர்கள் என்றால் அடுத்தது உண்மையான லாகர் ஈஸ்ட். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் உலர் ஈஸ்ட் சாஃப்லாகர் டபிள்யூ-34/70. முனிக் அருகே உள்ள வைஹன்ஸ்டெஃபான் வழிவந்த இந்த வகை, லாகர் ஈஸ்ட்டுகளுக்குள் சற்றுப் பொறுமைசாலி. 12 முதல் 15 டிகிரிக்குள் வைத்தால் அழகாக வேலை செய்யும், ஓரிரண்டு டிகிரி கூடினாலும் முகத்தைச் சுளிக்காது. முதல் முயற்சிக்கு இதையே சொல்வேன்.

அளவில்தான் பலர் தடுக்கிவிழுகிறார்கள். டப்பாவோடு வரும் பொட்டலம் பொதுவாக 7 கிராம் அல்லது அதற்கும் கீழே. குளிரில் ஈஸ்ட் மெதுவாகப் பெருகும் என்பதால் தொடக்கத்திலேயே படை பெரிதாக இருக்க வேண்டும். மார்கழியில் உறைமோரைக் கூட்டி ஊற்றுவது இதற்குத்தான். 20 லிட்டருக்கு மேல் குளிரில் போடுவதென்றால் 11.5 கிராம் பொட்டலம் இரண்டு வேண்டும். ஒன்றை மட்டும் போட்டால் நொதிப்பு தொடங்கவே இரண்டு மூன்று நாள் இழுக்கும். அந்த இடைவெளியில் வேண்டாத நுண்ணுயிர்கள் குடியேறலாம். திணறும் ஈஸ்ட் கந்தக வாடையையும் கூட்டும். கொஞ்சம் அழுகிய முட்டை வாடை லாகரில் இயல்பு. நாள்பட்டால் தானே போய்விடும். பயந்து கொட்டிவிடாதீர்கள்.

இன்னொன்று, வோர்ட்டை நன்றாகக் குளிரவைத்த பிறகே ஈஸ்ட்டைத் தூவுங்கள். டப்பாவின் பாகை இரண்டு லிட்டர் கொதிநீரில் கரைத்துவிட்டு, மீதிக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் வாளி 25 டிகிரியில் வந்து நிற்கும். முந்தைய நாளே அந்த மீதித் தண்ணீரில் பெரும்பகுதியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தால் நேராக 15 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். முன்யோசனை மட்டும்தான் செலவு.

வெண்ணெய் வாடையும் இரண்டு டம்ளர் சோதனையும்

லாகர் போட்டவர்கள் அதிகம் சொல்லும் குறை, "பாப்கார்ன் வாசனை வருகிறது" என்பது. அதன் காரணப் பொருளுக்கு டைஅசிட்டைல் என்று பெயர். வெண்ணெய்ச் சுவையூட்டிகளில் சேர்க்கும் அதே பொருள். ஈஸ்ட் பெருகும்போது அதன் உடலிலிருந்து மணமில்லாத ஒரு முன்பொருள் பீருக்குள் கசிகிறது. அது தானாக, மெதுவாக டைஅசிட்டைலாக மாறுகிறது. பிறகு ஈஸ்ட்டே அதைத் திரும்ப உறிஞ்சி மணமற்ற பொருளாக மாற்றிவிடும். ஆனால் இந்தத் துப்புரவு வேலை குளிரில் மிக மந்தமாக நடக்கும். ஈஸ்ட் வேலையை முடிப்பதற்குள் நாம் அவசரப்பட்டுப் பாட்டிலில் அடைத்துவிட்டால், வாடை பாட்டிலுக்குள்ளேயே தங்கிவிடும்.

தீர்வு எளிது. நொதிப்பு முக்கால்வாசி முடிந்து நுரை அடங்கத் தொடங்கும்போது வாளியை 17, 18 டிகிரிக்கு ஏறவிட்டு மூன்று நாள் வைத்திருங்கள். முக்கியமான மணங்கள் எல்லாம் முதல் சில நாட்களிலேயே உருவாகிவிட்டதால், இந்தக் கட்டத்தில் வெப்பம் ஏறினால் வாழைப்பழம் வந்துவிடாது. வெண்ணெய்தான் போகும்.

போய்விட்டதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. வாளியின் குழாயிலிருந்து இரண்டு சிறு கண்ணாடி டம்ளர்களில் கொஞ்சம் பீர் பிடித்து, இரண்டையும் தட்டுப்போட்டு மூடுங்கள். ஒன்றை 60 டிகிரி வெந்நீர்ப் பாத்திரத்தில் இருபது நிமிடம் நிறுத்திவையுங்கள். மற்றதைத் தொடாதீர்கள். பிறகு சுடவைத்ததைக் குழாய்த் தண்ணீரில் ஆறவைத்து, இரண்டையும் மாறிமாறி முகர்ந்து பாருங்கள். மறைந்திருக்கும் முன்பொருளைச் சூடு வேகமாக வெண்ணெய் வாடையாக மாற்றிக் காட்டிவிடும். சுடவைத்த டம்ளரில் மட்டும் பாப்கார்ன் வாசனை எழுந்தால், ஈஸ்ட் இன்னும் வேலையை முடிக்கவில்லை என்று பொருள். இன்னும் இரண்டு நாள் விட்டு மறுபடி பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். நாக்கைவிட மூக்கு இதில் கூர்மை.

சர்க்கரையைக் குறையுங்கள், முற்றிலும் விலக்காதீர்கள்

ஒரு கிலோ சர்க்கரை சேர்த்தால் 'கிக்' ஏறும் என்பது பேச்சு. ஏறுவது உண்மைதான். ஆனால் வெள்ளைச் சர்க்கரையை ஈஸ்ட் மிச்சமில்லாமல் தின்றுவிடும். சுவையோ கனமோ எதையும் அது பின்னால் விட்டுச்செல்வதில்லை. ஈஸ்ட்டுக்குத் தேவையான நைட்ரஜன் சத்தும் அதில் கிடையாது. மால்ட் தூள் என்பது வோர்ட்டை முழுக்க உலர்த்திப் பொடியாக்கியது. அதில் ஈஸ்ட் தின்ன முடியாத பெரிய மூலக்கூறுகளும் உண்டு. அவைதான் வாயில் பீருக்கு ஒரு கனத்தையும், டம்ளரில் நிற்கும் நுரைக்கு ஆதரவையும் தருகின்றன.

இதை எண்ணிலேயே பார்க்கலாம். ஹைட்ரோமீட்டர் என்பது திரவத்தில் மிதந்து அதன் அடர்த்தியைக் காட்டும் கண்ணாடிக் குழல். தண்ணீரில் 1.000 காட்டும். சர்க்கரை கரைந்திருந்தால் உயரும். 23 லிட்டரில் டப்பாவோடு ஒரு கிலோ டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் சர்க்கரை) போட்டாலும், ஒரு கிலோ மால்ட் தூள் போட்டாலும், தொடக்கத்தில் ஏறக்குறைய 1.038தான் காட்டும். முடிவில்தான் வித்தியாசம் தெரியும். முதலாவது 1.006 வரை இறங்கும், இரண்டாவது 1.011 அருகே நின்றுவிடும். தொடக்க எண்ணிலிருந்து முடிவு எண்ணைக் கழித்து 131ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம். முதலாவது 4.2, இரண்டாவது 3.5. அரை சதவீதத்துக்குச் சற்று மேல் போதையை விட்டுக்கொடுத்து, தண்ணீர்த்தன்மையைப் போக்கிக்கொள்கிறீர்கள்.

அதற்காக "மால்ட் மட்டுமே புனிதம்" என்று கிளம்புபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. லாகர் முடிவில் வறண்டு, சுத்தமாக விட வேண்டும். டப்பாப் பாகே சற்று இனிப்பை மிச்சம் வைக்கும். அதன் மேல் முழுக்க மால்ட் தூளையும் கொட்டினால் பீர் பிசுபிசுக்கும். நான் சொல்லும் கலவை: 600 கிராம் வெளிறிய மால்ட் தூள், 300 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், மொத்த அளவு 23க்குப் பதில் 21 லிட்டர். தொடக்க அடர்த்தி 1.040 சுமாருக்கு வரும். இரண்டு லிட்டரைக் குறைப்பதாலேயே சுவை செறிவது கண்கூடாகத் தெரியும்.

இதுவரை செய்த திருத்தங்கள்: குளிர், இரண்டு பொட்டலம் லாகர் ஈஸ்ட், முடியும் தறுவாயில் மூன்று நாள் வெப்பம், சர்க்கரையில் பெரும்பகுதிக்கு மால்ட் தூள். இதற்கு மேல் வருவதெல்லாம் மெருகு.

தண்ணீரும் ஹாப்ஸும்

குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் நொதிப்பின்போது சில பொருள்களோடு சேர்ந்து மருத்துவமனை வாடையை உண்டாக்கும். குளோரினைக் கொதிக்கவைத்து விரட்டலாம். பல நகரங்கள் சேர்க்கும் குளோரமைன் அவ்வளவு எளிதில் போகாது. பீர் கடைகளில் கிடைக்கும் கேம்ப்டன் என்ற சல்ஃபைட் மாத்திரையில் பாதியை நுணுக்கி 21 லிட்டர் தண்ணீரில் கலக்கினால் இரண்டுமே சில நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

டப்பாவில் கசப்பு இருக்கும், ஹாப்ஸின் மணம் இருக்காது. ஆவியாக்கும்போதே அது பறந்துவிட்டது. செக் நாட்டின் சாட்ஸ் அல்லது பவேரியாவின் ஹாலர்டாவ் ஹாப்ஸ் குருணை 20 கிராம் எடுத்து, அரை லிட்டர் வெந்நீரில் கால் மணி நேரம் மூடிவைத்து, வடிகட்டி வாளியில் ஊற்றுங்கள். பூவும் புல்லும் கலந்த மென்மையான மணம் திரும்பி வரும். அமெரிக்க ஹாப்ஸைப் போட்டால் ஆரஞ்சுத் தோல் மணக்கும். அதுவும் நல்ல பீர்தான், ஆனால் இந்த வகை பீர் அல்ல.

சுத்தம் பற்றித் தனித் தலைப்புப் போடவில்லை. பீரைத் தொடும் எல்லாவற்றையும் முதலில் கழுவி, பிறகு அலசத் தேவையில்லாத கிருமிநாசினியில் நனைக்க வேண்டும். அழுக்கின் மேல் கிருமிநாசினி ஊற்றிப் பயனில்லை. இது திருத்தம் அல்ல, நுழைவுச் சீட்டு.

பாட்டிலும் காத்திருப்பும்

வாளி மூடியில் செருகிய, வாயுவை வெளியே மட்டும் விடும் ஏர்லாக் குழாயில் குமிழி நின்றுவிட்டதால் நொதிப்பு முடிந்தது என்று முடிவு செய்யாதீர்கள். மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலும் குமிழி நிற்கும். ஹைட்ரோமீட்டர் எண் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் மாறாமல் இருந்தால்தான் முடிந்தது. முடியாத பீரை அடைத்தால், மிச்சச் சர்க்கரை பாட்டிலுக்குள் வாயுவாக மாறிக் கண்ணாடியையே வெடிக்கவைக்கும். கண்ணையும் கையையும் காயப்படுத்தக் கூடியது. வீட்டு பீரில் நான் அஞ்சுவது இதற்கு மட்டும்தான்.

முடிந்ததும், வசதி இருந்தால் வாளியை ஒரு வாரம் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று டிகிரியில் வையுங்கள். ஈஸ்ட் அடியில் படிந்து பீர் தெளியும். பிறகு பாட்டிலில் ஊற்றும்போது தளும்பாமல், குழாயை அடிவரை இறக்கி நிரப்புங்கள். இந்தக் கட்டத்தில் காற்று கலந்தால் சில வாரங்களில் நனைந்த அட்டைப்பெட்டிச் சுவை வரும். வாயு பிடிக்க லிட்டருக்கு 7 கிராம் சர்க்கரை போதும்.

அடைத்த பாட்டில்களை நேரே குளிரில் வைத்துவிடுவதுதான் பலர் செய்வது. அங்கே மிச்ச ஈஸ்ட் தூங்கிவிடும், வாயு ஏறாது. முதல் இரண்டு வாரம் 18 டிகிரிக்கு மேல் அறையிலேயே இருக்கட்டும். ஒன்றிரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களையும் சேர்த்து நிரப்பிவைத்தால், விரலால் அழுத்திப் பார்த்தே வாயு ஏறியதா என்று சொல்லிவிடலாம். கல்போல இறுகிய பிறகு எல்லாவற்றையும் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றி, குறைந்தது ஒரு மாதம் தொடாமல் விடுங்கள். கந்தக வாடை அடங்குவதும், முரட்டுச் சுவை மழுங்குவதும் இந்த மாதத்தில்தான். மூன்றாம் வாரத்தில் குடிப்பவருக்கும் ஏழாம் வாரத்தில் குடிப்பவருக்கும் ஒரே வாளியிலிருந்து இரண்டு வேறு பீர்கள் கிடைக்கும்.

பெட்டியில் இடமில்லாமல் சில பாட்டில்கள் வெளியே நிற்க வேண்டியிருந்தால் வெளிச்சம் படாமல் வையுங்கள். ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் வெயில் பட்டால் உடைந்து, ஸ்கங்க் என்னும் விலங்கு எதிரியின் மேல் பீய்ச்சும் திரவத்தை ஒத்த நாற்றத்தைத் தரும். பழுப்புக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். பச்சைக் கண்ணாடி அவ்வளவாகத் தடுக்காது. பச்சை பாட்டில் லாகர்களில் அடிக்கடி வரும் அந்த நாற்றத்தையே 'வெளிநாட்டு பீரின் தனி மணம்' என்று ரசிப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு மட்டும் இரண்டு பாட்டிலை ஜன்னலோரம் வைத்துக் கொடுக்கலாம்.